மலைமேல் பேட்டி

ஆங்கில வருஷப் பிறப்பன்று துரையின் பங்களா வாசலில் எலுமிச்சம்பழமும் மாலையுமாக வரிசையில் நிற்பது திருத்தணிப் பெரிய மனிதர்களுக்கு ஒரு விரதம் மாதிரி. தீபாவளிக்கு எண்ணெய் வைத்துக்கொள்ள மறந்தாலும் மறப்பார்கள், இதை மறக்கமாட்டார்கள். அதே ஊரில் அதற்கு முந்தின இரவுதான் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் படிக்கொரு பாட்டுப் பாடிக்கொண்டு தணிகை மலையேறி, வருஷத்தின் முதல் கும்பிடை முருகனுக்குப் போட்டுவிட்டு வருவார்கள். பெரிய மனிதர்களுக்கு அந்த மலையில் கால் வைக்க ஒழிவதில்லை. என்றைக்காவது மனசு வந்தால் டோலி இருக்கிறது.

யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரன் மூட்டை கட்டப்போகிறான் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த மார்கழி அது. அந்த வருஷம் வந்திருந்த சப் கலெக்டர் துரை வயசில் சின்னவன். எலுமிச்சம்பழத்தைக் கண்டாலே அவனுக்கு எரிச்சல். டவாலி சேவகன் வீராசாமியைக் கூப்பிட்டு, "ஒன்றாம் தேதி நான் நகரி மூக்கின் உச்சிக்குப் போகிறேன். யார் வந்தாலும் துரை ஊரில் இல்லை என்று சொல்லிவிடு" என்றான்.

நகரி மூக்கு என்பது திருத்தணிக்கு வடக்கே, மல்லாந்து படுத்தவன் மூக்கு மாதிரி வானத்தில் துருத்திக்கொண்டு நிற்கும் மலை. உச்சியில் கோயில் இல்லை, சுனை இல்லை. விறகு வெட்டுகிறவனும் ஆட்டைத் தொலைத்தவனும் தவிர எவனும் அங்கே ஏறுவதில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகத் துரை பார்த்துத்தான் பொறுக்கியிருந்தான்.

ஆனால் வருஷப் பிறப்பு வரிசை இல்லாவிட்டால் வீராசாமிக்கு மாமூல் ஏது? அவன் நேராகக் கடைத்தெருவுக்கு வந்து, "இந்த வருசம் துரை மலைமேல பேட்டி குடுக்கறாரு. வர்றவங்க வரலாம்" என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனான். துரை தங்களிடமிருந்து தப்பித்து ஓடுகிறான் என்று ஒருவருக்காவது தோன்ற வேண்டுமே! தோன்றவில்லை. தங்களை மதித்து மலைக்குக் கூப்பிடுகிறான் என்று மகிழ்ந்துபோனார்கள்.

இந்தக் கூத்தைக் கேள்விப்பட்டுத் துளசிங்கம் வாய்விட்டுச் சிரித்தான். அவன் அரக்கோணம் ரயில்வே பார்சல் ஆபீஸில் குமாஸ்தா. தினம் இங்கிலீஷ் பத்திரிகை படிப்பவன். திருத்தணியில் முதுகெலும்போடு பிறந்த ஒரே ஆள் தான்தான் என்பது அவன் எண்ணம். வக்கீல் வேதாசலத்தை 'சலாம் வக்கீல்' என்பான், அரிசி மில் கஜபதியை 'தவிட்டு மூட்டை' என்பான். இதையெல்லாம் அவர்கள் காது கேட்கச் சொன்னதில்லை என்பது வேறு விஷயம்.

அப்படிச் சிரித்தவனே அந்தக் கூட்டத்தில் சேர்ந்து மலையேற வேண்டி வந்தது. காரணம், அவனுடைய பாவா கோதண்டம். அக்காள் தேவகியின் புருஷன். நகரிப் பக்கம் இருந்த தன் சொந்த நிலத்து நெல்லைக் குத்தி, அரை மூட்டை அரிசியைப் பர்மிட் இல்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தான். அரிசிக் கண்ட்ரோல் பார்க்கிற சர்க்கார் ஆட்கள் ஸ்டேஷனிலேயே பிடித்துக்கொண்டார்கள். அதோடு விட்டிருப்பார்கள். "கஜபதி மில்லுலேர்ந்து ராத்திரியில லாரி லாரியா போவுதே, அது ஒங்க கண்ணுல படலியா?" என்று நடு பிளாட்பாரத்தில் நின்று கேட்டுவிட்டான். கண்டதைச் சொன்னால் கொண்டிடும் பகை. ஆளைத் தாலுகா கச்சேரி வளைவுக்குள் இருக்கும் சப்-ஜெயிலில் தள்ளிவிட்டார்கள்.

"நாளன்னிக்கு வேலூருக்கு இட்டுகினு போறாங்களாம்டா" என்றாள் தேவகி, டிசம்பர் கடைசி நாளன்று. அழுது அழுது அவள் குரல் கம்மிப்போயிருந்தது. "அங்க போயிட்டா எந்தக் காலத்துல வுடுவாங்களோ. துரை ஒரு வார்த்தை சொன்னா இங்கியே வுட்டுடுவாங்கன்னு ஜெயில் வார்டரே சொல்றாரு. நீ இங்கிலீஷ் படிச்சவன். போய் ஒரு வார்த்தை கேளுடா."

"ஆபீசுல போய்ப் பாக்கலாமேக்கா."

"மூணு தபா போனேன். அந்த வீராசாமி வாசப்படிய மிதிக்க வுடலியே. நாளைக்கு மலைமேல எல்லாரையும் பாக்கறாராமே? நாளைக்கு வுட்டா நாளு ஏது?"

துளசிங்கத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. சலாம் வக்கீலோடும் தவிட்டு மூட்டையோடும் வரிசையில் நிற்பதா? ஆனாலும் அக்காளுக்காக ஒப்புக்கொண்டான். அவள் மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து அவன் கையில் அழுத்தினாள். தெருமுனை திரும்பியதும் அதை வேலிக்குள் வீசி எறிந்தான். 'நான் நியாயம் கேட்கப் போகிறேன், கும்பிடு போட அல்ல' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். கேட்க வேண்டியதை இங்கிலீஷில் மூன்று வாக்கியமாகச் செய்து இரவெல்லாம் உருப்போட்டான். இலக்கணம் சுத்தமாக வந்ததில் அவனுக்குத் திருப்திதான்.

மறுநாள் கோழி கூவும் நேரத்துக்குக் கஜபதியின் லாரி புறப்பட்டது. பெட்ரோல் கிடைக்காத காலத்தில் முதுகில் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரிப்புகையில் ஓடிய லாரி. அரிசி போகிற தடத்திலேயே ஊர்ப் பிரமுகர்களும் போனார்கள். அவர்களைத் துளசிங்கம் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து மேலும் கீழும் பார்த்தான்.

வேதாசலம் வக்கீல் முழங்கால்வரை கம்பளிக் காலுறை இழுத்துவிட்டு, எவனிடமோ இரவல் வாங்கின காக்கி அரை நிஜாரில் இருந்தார். கோர்ட்டில் கவுனுக்குள் கம்பீரமாகத் தெரிகிற மனிதர், நிஜாரில் இறகு பிடுங்கின கோழியாக இருந்தார். சர்க்கார் வக்கீல் பதவிக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டிருப்பவர். கஜபதிக்கு 'ராவ் சாகிப்' பட்டத்தின்மேல் கண். வெள்ளைக்காரன் போய்விட்டால் பட்டம் யார் கொடுப்பார்கள் என்ற அவசரம் வேறு. மூன்றாவது ஆள் நஜீர் அகமது, தோல் வியாபாரி. கழுத்தைச் சுற்றிக் கம்பளி மப்ளரும் கையில் டீ பிளாஸ்க்குமாக, யாரோடும் பேசாமல் வந்துகொண்டிருந்தார்.

அடிவாரத்தில் துரையின் கார் நின்றிருந்தது. அவன் ஃபாரஸ்ட் கார்டைக் கூட்டிக்கொண்டு முன்பே ஏறிவிட்டான் என்றான் காருக்குக் காவலாக நின்ற வீராசாமி. லாரியிலிருந்து இறங்கியதும் கஜபதி செய்த முதல் காரியம், செருப்பைக் கழற்றி லாரிக்கு அடியில் விட்டது.

"இன்னா செட்டியாரே, முள்ளு கொஞ்சமாவா கெடக்குது? போட்டுகினு வாங்க" என்றார் நஜீர்.

"மலையாச்சே பாய்! மலைமேல செருப்போட ஏறுவாங்களா?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் கஜபதி.

அது எந்தச் சாமியின் மலை என்று அவருக்கே தெரியாது. திருத்தணிக்காரனுக்கு மலை என்றால் கால் தானாகச் செருப்பை விடும், வாய் தானாக அரோகரா போடும். அதைப் பார்த்து வேதாசலமும் யோசித்தார். செருப்போடு போனால் சாமி கோபிக்கும், கழற்றினால் நிஜாருக்குப் பொருந்தாது. கடைசியில் துரைக்குப் பயந்து பூட்ஸைப் போட்டுக்கொண்டே, சாமிக்குப் பயந்து காலைப் பதுக்கிப் பதுக்கி வைத்து ஏறினார்.

பனி மூடிக் கிடந்தது. பத்தடிக்கு முன்னால் போகிறவன் முதுகு தெரியவில்லை. பாறைகள் ஈரத்தில் வழுக்கின. மாலைக்கூடையை யார் சுமப்பது என்பதில் வழியெல்லாம் தகராறு. கூடை யார் கையில் இருக்கிறதோ அவர் முதல் மாலையைப் போட்டுவிடுவார் என்று ஒருவருக்கொருவர் சந்தேகம். அதனால் வக்கீலும் செட்டியாரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டே ஏறினார்கள். வக்கீல் வழுக்கினால் செட்டியாரும் விழுந்தார். விழும்போதெல்லாம் செட்டியார் "அரோகரா!" என்று கத்தினார். சாமந்திப் பூ மலை முழுக்கச் சிந்தியது.

துளசிங்கம் பின்னால் வந்தான். மனசுக்குள் காறித் துப்பிக்கொண்டே வந்தான். பாவம், இவர்கள் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. அருவருப்புத்தான் வந்தது. அவனுக்கு மூச்சு வாங்கவில்லை. கோபம் இருக்கிறவனுக்கு மலை ஏறுவது சுலபம்.

பாதி வழியில் நஜீர் அவனுக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். "தம்பி கையில பழம் ஒண்ணும் காணோமே?"

"எனக்கு அந்தப் பழக்கம் இல்லீங்க பாய்."

"ஆங், எனக்கும் புடிக்கிற வேலை இல்ல இது. ஆனா இன்னா செய்றது, துரைகிட்ட ஒரு காரியம் ஆவணும். கேட்டாத்தானே ஆவும்" என்று சொல்லிவிட்டுத் தன் பையைத் தட்டிப் பழம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார் நஜீர்.

துளசிங்கம் டீயை மடமடவென்று குடித்துக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தான். மற்ற இரண்டு பேருக்காவது ஆசையை அன்பு என்று சொல்லி மூடுகிற அளவுக்கு வெட்கம் இருக்கிறது, இந்த மனிதனுக்கு அதுவும் இல்லையே என்று நினைத்தான். தானும் ஒரு காரியமாகத்தான் ஏறுகிறோம் என்பது அவனுக்கு அப்போது ஞாபகம் வராமல் இல்லை. தன்னுடையது நியாயம், மற்றவர்களுடையது பிச்சை. அப்படித்தான் அவன் பிரித்து வைத்திருந்தான்.

உச்சிக்குப் போனபோது துரை ஒரு பாறைமேல் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். அரோகரா சத்தம் வெகுநேரமாகக் காதில் விழுந்திருக்க வேண்டும். அவன் முகம், விளக்கெண்ணெய் குடித்த பிள்ளையின் முகமாக இருந்தது. பனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக முளைத்தார்கள். முளைத்தவர்கள் கும்பிட்டபடியே வரிசை கட்டினார்கள். அந்தக் குறுகின உச்சியிலும் முதலில் யார் நிற்பது என்று ஒரு முழங்கை யுத்தம் நடந்து, வக்கீல் ஜெயித்தார். எண்சாண் உடம்பும் ஒரு சாணாகக் குறுக, "ஹாப்பி நியூ இயர், யுவர் ஆனர்!" என்று காம்பும் நாருமாக மிஞ்சியிருந்த மாலையை நீட்டினார்.

துரை கழுத்தைச் சாய்க்கவில்லை. எழுந்து நின்று, நிதானமாக இங்கிலீஷில் கேட்டான்.

"உங்களிடமிருந்து தப்பிக்கத்தான் நான் இங்கே வந்தேன். அது போகட்டும். ஒவ்வொருவரும் உண்மையைச் சொல்லுங்கள். இந்த மலைக்கு எதற்காக வந்தீர்கள்?"

"அன்பு, யுவர் ஆனர். வெறும் அன்பு" என்றார் வேதாசலம். பிறகு கஜபதிக்குத் துரையின் கேள்வியைத் தமிழில் சொன்னார். கஜபதி இரத்தம் கசிகிற பாதங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து மறைத்துக்கொண்டு, "ஒண்ணும் வாணாங்க சாமி. தரிசனம் ஒண்ணே போதுங்க" என்றார். துரையின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. அந்தக் கோணலில் இருந்த இகழ்ச்சியைத் துளசிங்கம் கண்டான். அது அவனுக்கு நன்றாகத் தெரிந்த இகழ்ச்சி. தன் முகத்திலிருந்தே எடுத்துத் துரை போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. ஜன்மத்தில் முதல் தடவையாக, தன்னைப் போல் நினைக்கிற ஒரு மனிதனைப் பார்த்த சந்தோஷம் அவனுக்கு உண்டாயிற்று.

துரை அவன் பக்கம் திரும்பினான். அவனுடைய வெறுங்கைகளைப் பார்த்தான்.

"நீ பழம் கொண்டுவரவில்லையா?"

"இல்லை, சார்."

"பின்னே எதற்கு வந்தாய்?"

மூன்று வாக்கியங்களும் தொண்டைவரை வந்து வரிசையாக நின்றன. என் அக்காளின் கணவன், சார். ஆரம்பித்தால் போதும். ஆனால் இடது பக்கத்தில் காம்புமாலையோடு வக்கீல், வலது பக்கத்தில் பல்லை இளித்துக்கொண்டு செட்டியார். வாயைத் திறந்து கேட்டால் அந்த நிமிஷமே இவர்களில் மூன்றாவது ஆள் ஆகிவிடுவான். துரையின் உதடு அவனுக்கும் சேர்த்துக் கோணும். அது ஒன்றைத்தான் துளசிங்கத்தால் தாங்க முடியாது.

"மலை பார்க்க வந்தேன், சார்" என்றான்.

துரை கடகடவென்று சிரித்து, கையை நீட்டி அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். "இந்தத் தேசத்துக்கு வந்து இரண்டு வருஷத்தில் என்னிடம் எதுவும் வேண்டாத ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்!" என்றான். ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்துக் கொடுத்தான். வக்கீலும் செட்டியாரும் வயிறெரிந்து பார்க்க, துளசிங்கம் அதை வாங்கித் தின்றான். ருசியாகத்தான் இருந்தது.

கடைசியாக நஜீர் நின்றார். துரை, "உனக்கும் அன்புதானா?" என்று இந்துஸ்தானியில் கேட்டான்.

"இல்லீங்க ஹுசூர்" என்றார் நஜீர் அதே பாஷையில். "தோல் பதப்படுத்த ஆவாரம்பட்டை வேணும். இந்தக் காட்டுல பட்டை உரிக்க எனக்கு உத்தரவு கிடைக்காம ஆறு மாசமா தொட்டி காஞ்சு கிடக்குது. ஆபீசுல உங்களைப் பார்க்க விடமாட்டேங்கறாங்க. அதைக் கேக்கத்தான் இவ்வளவு தூரம் ஏறி வந்தேன்." அப்புறம் கொஞ்சம் யோசித்து, எலுமிச்சம்பழத்தையும் நீட்டினார்.

பார்சல் ஆபீஸில் அந்தப் பாஷை பழகியிருந்த துளசிங்கம் காத்திருந்தான். இப்போது கோணும் என்று உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கோணவில்லை. துரை பழத்தை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "இதைச் சொல்ல மலை ஏறினாயா? சரி. இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் திருத்தணி பங்களாவுக்கு வா. கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்றான். அவ்வளவுதான். வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொண்டது.

துளசிங்கம் கையில் ஒட்டியிருந்த ரொட்டித் தூளைத் தட்டி உதறினான்.

இறங்கும்போது துரை அவனைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டான். தோளில் கை போட்டுக்கொண்டு பேசிக்கொண்டே இறங்கினான். பனி விலகி, கிழக்கே வெகுதூரத்தில் கடல் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. இந்த மாதிரி மலைகள் தன் ஊரிலும் உண்டு என்றான் துரை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றான், எந்த வேளையும் எவனாவது எதையாவது கேட்டுக் கேட்டுத் தன் காது புண்ணாகிவிட்டது என்றான். ஒவ்வொரு வளைவிலும் துளசிங்கம் இந்த வளைவில் கேட்டுவிடுவோம் என்று நினைத்தான். ஒவ்வொரு வளைவிலும் துரை அவனை இன்னும் கொஞ்சம் புகழ்ந்தான். "யெஸ் சார்", "வெரி ட்ரூ சார்" என்று துளசிங்கம் சொல்லிக்கொண்டே வந்தான். வேதாசலம்கூட ஒரே நாளில் அத்தனை சாரை உதிர்த்ததில்லை.

அடிவாரத்தில் துரை காரின் கதவைத் திறந்து, "ஏறு, உன்னை ஊரில் விடுகிறேன்" என்றான். அவன் ஏறப்போகும்போது கஜபதி நொண்டிக்கொண்டே ஓடிவந்து அவன் காதோடு, "தம்பி, கார்ல போறப்ப நம்ம விசயம் ஒரு வார்த்தை போட்டு வையி" என்றார். பாவாவை உள்ளே தள்ளக் காரணமான மில்லின் சொந்தக்காரர். துளசிங்கம் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். கார் கிளம்பியது. அது திருத்தணி போய்ச் சேரும்வரை, துரைக்கும் அவனுக்கும் நடுவில் வேறு யாரும் இல்லை. அப்போதும் அவன் கேட்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கச்சேரி வாசலில் கார் நின்றது. துரை அவன் கையை இன்னொரு தரம் குலுக்கிவிட்டுப் பங்களாப் பக்கம் போனான்.

எதிரில் புளியமரத்தடியில் தேவகி நின்றிருந்தாள். தலைக்குக் குளித்து, பொட்டு வைத்து, பெட்டியில் இருந்த நல்ல சேலையைக் கட்டியிருந்தாள். மகள் அம்முவுக்குப் பாவாடை புதுசு. தூக்குப் பாத்திரத்தில் சோறு இருந்தது. துரையின் காரிலேயே தம்பி வந்து இறங்கியதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"கையக் குலுக்கினாரேடா துரை! நான் பாத்துகினே இருந்தேன். எப்ப வுடறாங்களாம்? இப்பவேவா? அம்மு, நைனா வந்துடும்டி."

துளசிங்கம் செருப்பு நுனியைப் பார்த்தான். பிறகு நடந்ததைச் சொன்னான். உள்ளதை உள்ளபடி சொன்னான். ஒன்றும் வேண்டாம், மலை பார்க்க வந்தேன் என்று சொன்னதையும், நஜீர் பாய் மட்டும் கேட்டதையும், துரை அவரை ராத்திரி பங்களாவுக்கு வரச் சொன்னதையும் சொன்னான்.

"சரி, அதோ பங்களா. இப்ப போய்க் கேளு" என்றாள் தேவகி.

"எப்படிக்கா கேக்கறது? ஒண்ணுமே வாணாம்னு சொன்னவன்னு நெனச்சிகினு இருக்காரு. இப்ப போய் நின்னா, நானும் அவங்க மாதிரிதான்னு..."

தேவகி அவனைப் பார்த்தாள். மேலும் கீழும் பார்த்தாள். அந்த மாதிரிப் பார்வையை அவன் எத்தனையோ பேர்மேல் வீசியிருக்கிறான், ஒருநாளும் வாங்கிக்கொண்டதில்லை.

"நஜீர் பாய் பங்களாவுக்குப் பொறப்படறதுக்குள்ள புடிக்கணும். அவரு வூடு எந்தத் தெரு?"

"கடைத்தெருவுக்குப் பின்னால, தோல் மண்டி பக்கத்துல. இரு, நானும் வரேன்."

"நீ வாணாம்" என்று அம்முவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள் அவள். "நீ வந்தா அங்கியும் எங்களுக்கு ஒண்ணும் வாணாம்னு சொல்லிடுவ."